பாதிப் பங்கு

காசிமேட்டில் மணி மூன்றேகால்.
ஐஸ் பெட்டி முப்பது, வஞ்சிரம் பதினொரு கூடை.
ஏலக் கொட்டகைக்குப் பின்னால்
நேற்றைய மழையும் மீன் கழுவிய தண்ணியும்
குழைத்து வைத்திருந்த சேற்றில்
பிக்கப்பின் இடது பின்சக்கரம் இறங்கியது.

மிதித்தேன்.
இடது சுற்றியது கண்மண் தெரியாமல்,
செதிலும் சேறுமாய்க் கதவுவரை வாரி இறைத்து.
வலதோ, காய்ந்த சிமெண்டின் மேல்
பந்தியில் யாரும் கூப்பிடாத உறவுக்காரன் மாதிரி
சும்மா நின்றது.

ஓடுகிறவனுக்கே எல்லாம் போகிறது என்பார்கள்.
இல்லை.
புதுப்பேட்டை முனீர், பேரிங் வந்த அட்டையைக் கிழித்து
கிரீஸ் விரலால் வரைந்து காட்டியிருக்கிறான்:
பின்னச்சின் நடு உருண்டைக்குள்
சின்னச் சின்னப் பல்சக்கரங்கள்,
தராசு முள்ளின் நேர்மை.
இந்தப் பக்கம் எவ்வளவோ அந்தப் பக்கமும் அவ்வளவே.
ஒருவனால் எதையும் தாங்க முடியாது என்றால்
மற்றவனுக்கும் எதுவும் கிடையாது.

எனக்கு லூர்துராஜ் ஞாபகம் வந்தது.
வண்டியில் அவன் பாதி, நான் பாதி.
டீசல் பாதி, தவணை பாதி,
இன்சூரன்ஸ் தாளில் இரண்டு கையெழுத்து.
ஆடியிலிருந்து ராத்திரியெல்லாம் போனில் ரம்மி.
கேட்டால்,
"இந்த ஒரு ஆட்டம் மட்டும் மச்சான்."

முனீரிடம் மருந்து இரண்டு.

லாக்கர் என்றால் ஒரு பொத்தான்.
அழுத்தினால் இரண்டு சக்கரமும் ஒரே இரும்பு.
சேற்றில் கேட்கவே வேண்டாம்.
ஆனால் அதை எடுக்க மறந்து
ராயபுரம் பாலம் இறங்கித் திரும்பிப் பார்:
டயர் கத்தும்,
நேரே போ நேரே போ என்று ஸ்டியரிங் அடம் பிடிக்கும்.
திருப்பத்தில் வெளிச்சக்கரத்துக்கு நடை கூட,
உள்சக்கரத்துக்குக் குறைச்சல்.
அதற்குத்தானே அந்த உருண்டையே!

லிமிடெட் ஸ்லிப் வேறு ஜாதி.
உள்ளே அடுக்கடுக்காய்த் தகடு;
கொஞ்சம் வழுக்க விடும், கொஞ்சம் பிடிக்கும்.
ஒருவன் ரொம்பத்தான் ஓடினால்
அந்த உரசலே மற்றவனை இழுத்துக்கொண்டு வரும்.
தனி எண்ணெய் கேட்கும்.
ஊற்றாவிட்டால் ஒவ்வொரு திருப்பத்திலும் முனகும்.
தகடு தேயும்.
"புதுசு முப்பத்தெட்டு. பழசு கெடச்சா பதினாறு.
கேரண்டி மட்டும் கேக்காத."

முப்பத்தெட்டும் இல்லை, பதினாறும் இல்லை.
மிதித்துக்கொண்டே இருந்தேன்.
ஐஸ் உடைக்கிற தேசம்மா
சாக்கை உதறிவிட்டுக் கத்தினாள்:
"குழி தோண்டிக்கினே போற!
ஹேண்ட் பிரேக்க நாலு பல்லு தூக்கிட்டு மிதி."

நாலு பல்லு.
வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தவன் மேல்
கொஞ்சம் பாரம் விழுந்தது.
அதே அளவு, அதே நேர்மையோடு,
நின்றவனுக்கும் போய்ச் சேர்ந்தது.
முனகித் தள்ளாடி,
ஒரு கூடை சரிந்து நாலு வஞ்சிரம் சேற்றில் விழ,
வண்டி மேலே ஏறியது.
விழுந்த நாலில் ஒன்றைத் தேசம்மா
கேட்காமலே எடுத்துக்கொண்டாள்.

சிந்தாதிரிப்பேட்டையில் இறக்கும்போது நாலரை.
லூர்துராஜைக் கூப்பிட்டேன்.
முதல் மணியிலேயே எடுத்தான்.
பின்னால் சீட்டு கலைக்கிற அந்தப் பொய்ச் சத்தம்.
"தவணைக்குத்தானே?"
"இல்ல. நாளைலேர்ந்து காசிமேட்டு நடை உன்னோடது.
மூணு மணிக்கு. நான் வரமாட்டேன்."
ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை.
சீட்டுச் சத்தம் நின்றதா, போனைத்தான் மூடினானா,
தெரியவில்லை.

கூவத்துக்கு அந்தப் பக்கம்
முனீர் ஷட்டரைத் தூக்க இன்னும் நேரம் இருக்கிறது.
டீயை வாங்கிக்கொண்டு வண்டியில் சாய்ந்தேன்.
பின்னாலிருந்து ஒரு கருகல் வாசம்.
குனிந்து பார்த்தேன்,
அப்புறம்தான் உள்ளே எட்டிப் பார்த்தேன்.
ராயபுரத்திலிருந்து இவ்வளவு தூரமும்
ஹேண்ட் பிரேக்
இரண்டு பல் இறங்காமலே வந்திருக்கிறது.